இருபத்தாறு மில்லிமீட்டர்

கிங்ஸ்டனில் பிப்ரவரி.
ஏரி உறைந்து, எழுதாத பலகையாய்க் கிடக்கிறது.
முக்காலியில் ஸ்கேனரை நிறுத்திவிட்டு
நான் அறைக்கு வெளியே போய் நிற்க வேண்டும்.
உள்ளே நின்றால் என்னையும் ஒரு தூணென்று நம்பிப்
புள்ளி புள்ளியாய் வரைந்துவிடும்.

குருமடக் கல்லூரி.
முகப்பில் 1874, ஆயரின் முத்திரை,
பாசி தின்ற லத்தீன் வரி ஒன்று.
கடைசி மாணவன் பெட்டியோடு இறங்கிப் போய்
இருபது வருடம்.
இனி நாற்பத்திரண்டு வீடுகள்,
சிற்றாலயம் உடற்பயிற்சிக் கூடம்.
இடிக்கும் முன், மாற்றும் முன்,
இருப்பதை இருப்பது போல
வரைந்து கொடுப்பது என் வேலை.

இருப்பது போல.
சொல்ல எளிது.

சிற்றாலயத்துக்கு ஏறும் படிகள்
நேற்று செதுக்கியது போல் விளிம்பு கூராக இருக்கின்றன.
உணவறைக்கு இறங்கும் படிகளோ
நடுவில் பதினெட்டு மில்லிமீட்டர் தேய்ந்து
இட்லித் தட்டாய்க் குழிந்திருக்கின்றன.
யாரையும் குறை சொல்லவில்லை.
அளவைச் சொல்கிறேன்.

மேல்மாடி வகுப்பறையில்
ஜன்னலடிச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு நத்தை, பாதி மட்டும்.
நாற்பத்தைந்து கோடி ஆண்டுக்கு முன்
இங்கே கடல் இருந்தபோது செத்தது.
அதன் மேல் முழங்கையூன்றி
ஆறு நாளில் உலகம் உண்டான கதையை
எத்தனை பேர் மனப்பாடம் செய்தார்களோ.
ஒருவன் மட்டும்
நத்தையைச் சுற்றி ஆணியால் வட்டம் கீறியிருக்கிறான்.
பெயரில்லை. கேள்விக்குறியும் இல்லை.
வட்டம் மட்டும்.

மதியம் மார்கரீத் லலோன்ட் வந்தாள்,
மறைமாவட்டக் காப்பகத்திலிருந்து,
கையுறையோடு, ஒரு கணக்குப் புத்தகத்தோடு.
சுண்ணாம்பு இத்தனை வண்டி, மணல் இத்தனை,
செத்த குதிரை ஒன்று.
பிறகு சாய்ந்த கையெழுத்தில்:
'கெஹோ, டெர்மட். கொத்தன்.
வடக்கு வாயில் வளைவு, இடப்புறம் ஓர் அங்குலம் தாழ்வு.
பிடித்தம்: பன்னிரண்டு டாலர்.'
முந்தின பக்கத்தில் அவன் தினக்கூலி இரண்டு டாலர்.
அப்படியானால் ஆறு நாள்.
ஏழாம் நாள் ஞாயிறு,
அதற்கு எப்படியும் கூலி கிடையாது.

அடுத்த பக்கங்களில் அவன் இல்லை.
போனானா, போகச் சொன்னார்களா,
குதிரைக்கு எழுதிய அளவுகூட
அவனைப் பற்றி எழுதவில்லை.

ஸ்கேனரை வடக்கு வாயிலுக்குத் தூக்கிப் போனேன்.
ஒளி ஒருமுறை சுற்றி வந்தது.
இடப்புறம் தாழ்வு: இருபத்தாறு மில்லிமீட்டர்.
ஓர் அங்குலம், அதற்கு மேல் அரை மில்லிமீட்டர் சொச்சம்.
நூற்றைம்பது பனிக்காலம்
அவன் தவறோடு சேர்த்தது இவ்வளவுதான்.

அந்த வளைவின் தலைமேல்
இரண்டு மாடி, ஒரு நூலகம், மணிக்கூண்டு.
1903இல் தீப்பிடித்தபோது
அளவு பிசகாத கிழக்கு வளைவுகள் மூன்றும் விழுந்தன.
இது நின்றது.
இதிலிருந்து யாரும் நீதி எடுக்க வேண்டாம்,
அன்று காற்று மேற்கிலிருந்து அடித்தது.

இரவு, விடுதி அறையில்,
கோட்டோடு கோடாக வரையத் தொடங்கினேன்.
மென்பொருளுக்கு நல்ல மனசு.
கோணல் கண்டால் பொறுக்காது,
இழுத்து நேராக்கிவிடும்.
வளைவின் இடக்காலை
நான் இறக்க, அது ஏற்ற,
நான் இறக்க, அது ஏற்ற.
நான்காம் முறை அந்த வசதியையே அணைத்தேன்.
ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

காலையில் ஹால்வர்சன் அழைத்தார்.
"வரைபடம் வந்தது. நன்றாயிருக்கிறது.
வடக்கு வாயிலில்தான் ஏதோ பிழை.
திருத்தி அனுப்பு,
அந்த நேரத்தை உன் கணக்கில் கழித்துக்கொள்கிறேன்."

ஜன்னலில் பனித்தூறல்.
"வேண்டாம்," என்றேன்.
"அதற்கு ஏற்கெனவே கழித்தாயிற்று."