பதினொன்றாம் எண்

எங்கள் வீட்டில் எல்லாமே நடுங்கும்.
ஜன்னலுக்கு நேர் கீழே டிராம் தடம்.
பதினொன்றாம் எண் வளைவில் திரும்பும்போது
அலமாரிக் கண்ணாடி, தேக்கரண்டிகள்,
பல் துலக்கும் குவளை
எல்லாம் ஒரு சுற்றுப் பேசி அடங்கும்.
இருபத்தாறு ஆண்டுகள் அது என் காதில் விழுந்ததில்லை.

விஸ்மாவின் மண்டையைத் திறந்து
பிளம்பழம் அளவில் ஒன்றை எடுத்து
மூடி அனுப்பிய நாளிலிருந்து
விழுகிறது.

ரீகாவில் மார்ச். ஆற்றில் பனிப்பாளம் விரிசல் விடும் வாரம்.
இடது காதுக்கு மேலே வில்லாக
உலோகத் தையல், இருபத்தெட்டு.
"கெட்ட கட்டி இல்லை," என்றார் டாக்டர் ஸ்கைட்ரிட்டே.
"ஆனால் மூளை ரோஷக்காரி.
தொட்டவர்களை மறக்காது.
கொஞ்ச நாளைக்குத் தட்டிக்கொடுத்து வைப்போம்."

தட்டிக்கொடுப்பது ஒரு நீள்வட்ட மாத்திரை.
காலை எட்டு. இரவு எட்டு.

எனக்கு ஒரு தாள் தந்தார்கள்.
வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
வாயில் எதையும் திணிக்காதீர்கள்.
அழுத்திப் பிடிக்காதீர்கள்.
கடிகாரத்தைப் பாருங்கள்.
ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

போர்வையைச் சுருட்டி, அதை விஸ்மா என்று வைத்துக்கொண்டு
ஒத்திகை பார்த்தேன், அவள் கடைக்குப் போன நேரத்தில்.
குளியலறையைத் தாழிடாதே என்றேன்.
கொதிப்பதை அடுப்பின் பின்வரிசையில் வை என்றேன்.
"இருநூறு பேரை ஏற்றிக்கொண்டு
பனிமழையில் பாலம் கடந்தவள் நான்,"
என்றாள் டிராம் ஓட்டுநர்.
அவளுடைய சாவியை டிப்போவில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தாள்.

ஏப்ரலில் கோபம் வந்தது.
வலிப்பு இல்லை. கோபம்.
"ரொட்டியை ஏன் இவ்வளவு சத்தமாக அறுக்கிறாய்?"
பீட்ரூட் சூப் சுவரில் வழிந்தது.
துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"இது நான் இல்லை."
பெட்டிக்குள் மடித்திருந்த காகிதத்தை
விளக்கடியில் பிரித்துப் படித்தேன்.
எரிச்சல், பொறுமையின்மை, அழுகை.
அவள் சொன்னது சரி,
அங்கே அச்சிட்டே இருந்தது.
சுவரில் ரோஜா நிறக் கறை மட்டும்
எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"ஒருமுறைகூட வரவில்லையே, நிறுத்திவிடலாம்,"
என்றார் டாக்டர். அன்றே நிறுத்தியிருக்கலாம்,
நான்தான் இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று
இழுத்துக்கொண்டிருந்தேன்.
"வரவில்லை என்றால்
மருந்து வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?"
"இருக்கலாம். மருந்து இல்லாமலும்
வராமலே இருந்திருக்கலாம்.
இரண்டையும் பிரித்துக் காட்டும் ஸ்கேன்
என்னிடம் இல்லை."

வருமுன் காப்பதில் இதுதான் சிக்கல்.
வந்ததற்குத் தழும்பு உண்டு.
வராததை எந்தக் கோர்ட்டில் சாட்சிக்கு அழைப்பது?

ரொட்டிப் பலகையில் வைத்து
மாத்திரையைப் பாதியாக வெட்டினேன்.
பிறகு இரவுக்கு மட்டும் பாதி.
பத்து மாத்திரைகளைச் சோம்பு டப்பாவுக்குள் புதைத்தேன்.
அடுத்த நாள் அந்த டப்பா
இரண்டு தட்டு மேலே ஏறியிருந்தது,
எனக்கு எட்டாத உயரத்தில்.
அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மாத்திரை இல்லாத முதல் எட்டு மணி.
பழக்கத்தில் தண்ணீர் எடுத்து வந்தாள்.
உள்ளங்கையைப் பார்த்தாள்.
தண்ணீரை மட்டும் குடித்தாள்,
மிச்சத்தைத் தலைமாட்டில் வைத்தாள்.

நள்ளிரவு தாண்டி அந்தத் தண்ணீர் சுருங்கி விரிந்தது.
கட்டில் நடுங்கியது. என் கை
அவள் தோளுக்குப் போய்விட்டது.

"கையை எடு," என்றாள் இருட்டில்.
"அது வால்டிஸ். வளைவுக்கு வந்த பிறகுதான்
அவனுக்குப் பிரேக் ஞாபகம் வரும்.
நான்கு நிமிடம் தாமதம் வேறு."

திரும்பிப் படுத்தாள்.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாற்பது விநாடி.
தேக்கரண்டிகள் அடங்கின.