ஏழு முறை தட்டவும்

மூன்றாம் தட்டிலிருந்து விழுந்தது போன்தான்,
இருளப்பன் இல்லை.
திரை செத்துவிட்டது. உயிர் இருந்தது:
விடியுமுன் மூன்றே முக்காலுக்கு அலாரம் அடித்து
அறை முழுவதையும் எழுப்பிற்று.
நிறுத்த வழியில்லாமல்
தலையணைக்குள் பொதிந்துவைத்தான்.

தோஹா சனாயாவில் ரிப்பேர் கடைக்காரன்
திரைக்கு இருநூற்றைம்பது ரியால் கேட்டான்.
"வச்சிட்டுப் போ. உள்ள இருக்கறதுக்கு நான் பொறுப்பில்ல."
உள்ளே இருப்பதற்காகத்தானே போனோம்.
பதினாலு மாதம், தினமும் சாயங்காலம்
பலகையில் ஒட்டும் நேரத்தாளை
கிழித்தெடுக்குமுன் படம் பிடித்திருந்தான்.
ஓவர்டைம் வழக்கு. ஞாயிற்றுக்கிழமை விசாரணை.

என்னிடம் ஒரு மடிக்கணினி,
இழுத்து மூடிய கம்பெனியின் ஏலத்தில்
எண்பது ரியாலுக்கு எடுத்தது. லினக்ஸ் ஓடுகிறது.
"ஃப்ரீன்னா திருட்டுக் காப்பியா, ஜெகபர் பாய்?"
வில்லாக்காரர்கள் மதிலோரம் வைத்திருக்கும்
குளிர்தண்ணீர்ப் பெட்டியைச் சொன்னேன்.
யார் வைத்ததென்று கேட்டா குடிக்கிறாய்?
இதில் கூடுதலாக ஒன்று,
குழாயைக் கழற்றி உள்ளேயும் பார்க்கலாம்.

கேபிளைச் செருகிக் கட்டளை அடித்தேன்.
பட்டியல் காலி.
தில்பகதூரிடம் அதே மாடல் போன்.
இரண்டையும் கட்டிலில் அருகருகே கிடத்தினோம்.
உயிருள்ளதில் பார், கறுத்ததில் தொடு.
பூட்டைத் திறக்கும் கோடு
இருளப்பன் விரலுக்கே தெரிந்திருந்தது.
அமைப்புகள். கீழே தள்ளு. இன்னும் கீழே.
எவ்வளவு கீழே?
சாரம் கட்டுகிறவன், இடுப்பிலிருந்து அளவு நாடாவை இழுத்தான்:
நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்.
பில்டு எண்ணை ஏழு முறை தட்டவும்.
ஏன் ஏழு? எனக்கும் தெரியாது.
ஒருவன் தமிழில் எண்ண, ஒருவன் நேபாளியில் எண்ண,
ஐந்து தரம் வழுக்கியது.

ஆறாவது தரம் போனின் எண் பட்டியலில் ஏறியது.
பக்கத்தில் ஒரு சொல்:
அனுமதியில்லை.
கறுப்புக்கு அடியில் அது கேட்டுக்கொண்டு நிற்கிறது,
யாருக்கும் தெரியாத பெட்டியில், ஆமாவா இல்லையா என்று.
தடவினான். தடவினான். மெல்ல அதிர்ந்தது.

அதன் முகம் என் கணினியில் எழுந்தது,
ஒரு கீறலுமில்லாமல்.
முகப்பில் அவன் கட்டிய சாரத்தின் ஒன்பதாம் தட்டு,
ஆளில்லை, வானம் மட்டும்.

நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் படங்கள்.
பெயரிலேயே தேதியும் மணியும் இருந்ததால்
ஆறுக்கும் ஏழுக்கும் இடையிலானதைப் பிரிக்க
ஒரு வரி போதுமாயிருந்தது.
முந்நூற்று எழுபத்திரண்டு.
அதிலும் சில நேரத்தாள் இல்லை:
வீங்கிய கணுக்கால், நகைக்கடன் ரசீது,
யாரோ பென்சிலில் எழுதி அனுப்பிய கணக்கு.
அவனே பார்க்கட்டுமென்று டீ போடப் போனேன்.

திரும்பியபோது அறை நிறைந்திருந்தது.
ஒரு தாளில் இருபத்தாறு பேர். அவரவர் வரியை
அவரவர் விரல் தேடியது. பதினொன்று. பன்னிரண்டரை.
வெள்ளிக்கிழமையும் ஒன்பது.
"பெரிசாக்கு" என்றான் யாரோ.
ஆக்கினான்.
வலது மூலையில், சரிபார்த்தவர், ஸ்டோர்:
என் கையெழுத்து.
சாமான் திரும்பி வந்த நேரத்துக்கு நான்தானே சாட்சி.
அதே பேனாவால், தலைமை ஆபீசுக்குப் போகும் பதிவேட்டில்
எட்டு, எட்டு, எட்டு என்று இறக்கியதும்
நான்தான். ஃபோர்மன் சொன்னார், எழுதினேன்.

யாரும் பேசவில்லை.
இருளப்பன் படத்தைச் சிறிதாக்கினான்.

அழிக்கிற கட்டளை இரண்டே எழுத்து.
நிச்சயமா என்றுகூட அது கேட்காது.
டீ ஆறியது.
மூன்று பென்டிரைவில் நகலெடுத்தேன்.
அந்தப் பதிவேடு பூட்டிய அலமாரியில் இருக்கிறது,
சாவி என் கழுத்துக் கயிற்றில்.
நாளை ஆறு மணிக்கு முன்னால்
என் போனில் அதையும் பிடித்தாக வேண்டும்.

எல்லோரும் படுத்த பிறகு
கேபிளை உருவி, மறுபடி செருகிப் பார்த்தேன்.
அந்தப் பெட்டிக்குள் இன்னொரு சின்னக் கட்டம் உண்டு:
இந்தக் கணினியை எப்போதும் அனுமதி.
இருட்டில் அவன் விரல் அதையும் தொட்டிருக்கிறது.
இந்தத் தடவை
போன் என்னை ஒன்றும் கேட்கவில்லை.