பதினொராம் கேள்வி

வினிபெக், சிகிச்சை நிலையத்தின் மூன்றாம் மாடி.
நீல அட்டையில் படிவம்,
நூலில் கட்டிய பேனா.
நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம்
உங்கள் பிள்ளை மின்கையை அணிகிறார்?
எட்டு என்று எழுதினேன்.
துளசிகா எட்டிப் பார்த்தாள்.
"அப்பா, பொய்."
வெட்டிவிட்டு ஐந்து என்றேன்.
"இதுவும் பொய்தான். ஆனா சின்னப் பொய்."

பிறக்கும்போதே இடது முழங்கைக்குக் கீழே
நாலு விரலளவுதான் அவளுக்கு.
அதற்கு அவள் வைத்த பெயர் குட்டி.
குட்டிக்குள் இரண்டு தசைகள்.
ஒன்றை இறுக்கினால் மின்கை திறக்கும்,
மற்றதை இறுக்கினால் மூடும்.
மூடும்போது ஒரு சத்தம்,
அடுத்த வீட்டில் யாரோ மிக்சியைத்
தலையணையால் அமுக்குவது போல.

எதற்கெல்லாம் பயன்படுகிறது?
சைக்கிள் ஹாண்டிலுக்கு.
கத்தரிக்கோல் ஓடும்போது காகிதம் பிடிக்க.
ஸ்கிப்பிங் கயிற்றின் மற்ற முனைக்கு.
தோடம்பழம் உரிக்க முழங்கால்கள் போதும்,
சிப்ஸ் பைக்குப் பல் இருக்கிறது,
மணலுக்கும் நீச்சலுக்கும் குட்டி மட்டும்.
மணிக்கட்டை ஒரு முழுச் சுற்றுத் திருகிப்
பின்வாங்குப் பெடியனை அலற வைக்க
மின்கையேதான் வேண்டும்.
அந்தப் பயனுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

உறையின் நிறம் பிடித்திருக்கிறதா?
பதினெட்டுத் தோல்கள் காட்டினார்கள்.
நாங்கள் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் இருந்தோம்.
அவள் ஊதா கேட்டாள்.
நான் பன்னிரண்டு என்றேன்.
முதல் கிழமையே கோழிக்கறி விழுந்தது,
மஞ்சள் எதற்கும் போகவில்லை.
அதற்குப் பிறகுதான் அது
எங்கள் வீட்டுக் கை மாதிரி இருந்தது.

பழுது ஏதும்?
மே மாதம், பள்ளி பஸ்.
இரவு சார்ஜ் போட மறந்தது நான்.
படிக் கம்பியைப் பிடித்தபடியே மின்கை செத்துப்போக,
இவள் குட்டியை உருவிக்கொண்டு
இறங்கி வந்துவிட்டாள்.
மூன்று தெரு தாண்டித்தான் சாரதி ரூடி கண்டாராம்.
தன் ஜக்கெற்றில் சுற்றி,
சூடான பாணைப்போல ஏந்திக்கொண்டு
வாசலில் நின்றார். முகம் வெளிறியிருந்தது.
எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.
அவள்தான் உள்ளிருந்து சொன்னாள்:
"தாங்க்ஸ் ரூடி, செருப்பு வைக்கிற இடத்தில வையுங்கோ."

பதினொன்று.
மொத்தத்தில் எவ்வளவு திருப்தி?
ஐந்து முகங்கள், அழுகையிலிருந்து சிரிப்பு வரை.
திருப்தி, நாங்கள் சாப்பாட்டுக்குச் சொல்கிற சொல்.
வயிறு சொல்லும். கை சொல்லுமா?
ஐந்தாவது முகத்துக்கு என் பேனா போய்விட்டது.
சித்தப்பாவின் கல்யாணப் படம்:
நீலப் பாவாடை, இரண்டு கைகள்,
மண்டபத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
அன்று வயிறு நிறையச் சாப்பிட்டது நான்.
அவள் மேசைக்குக் கீழே
கையைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"கேள்வி எனக்கெல்லோ?"
பேனாவை வாங்கினாள். நூல் எட்டவில்லை.
மின்கையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு
குட்டியால் தாளை அமுக்கிக்கொண்டு
மூன்றாவது முகத்துக்கும் நாலாவதுக்கும் இடையில்
புதிதாக ஒன்று கீறினாள்.
ஒரு கண் மூடிய முகம்.
நித்திரையா, கண்ணடிக்கிறதா என்று
தெரப்பிஸ்ட் மெலனி கேட்டாள்.
"ரெண்டும்."

லிப்ட் வேலை செய்யவில்லை.
அவள் இரண்டிரண்டு படியாகப் பாய்ந்து போய்விட்டாள்.
கை என்னிடம்.
இத்தனை வருடத்தில் சார்ஜரிலிருந்து தோள் வரைக்கும்தான்
அதை நான் தூக்கியிருக்கிறேன்.
இரண்டாம் மாடியில் கை மாற்றிக்கொண்டேன்.