அறுபது, நாற்பது, முப்பது

கோயமுத்தூரிலிருந்து ஹம்பர்க்
ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்.
நில்லாமல் பறந்தால் ஒன்பது மணி நேரம்
என்கிறது கணினி.
நூல் பிடித்த மாதிரி
அப்படி நேரே போகிற விமானம்
எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை.

கப்பலில் போயிருக்க வேண்டிய சரக்கு.
சாயப்பட்டறையில் பச்சையோடு
ஒரு பொட்டு மஞ்சள் கூடிவிட்டது.
மறுபடி முக்கி, காயவைத்து, வெட்டித் தைப்பதற்குள்
தூத்துக்குடியில் கப்பல் கிளம்பிவிட்டது.
இனி ஆகாயம்தான்.
கிலோவுக்கு இருநூற்று நாற்பது, நம் செலவில்.
உருப்படிக்குப் பதினோரு ரூபாய் நிற்கிற ஆர்டர் இது.
அர்த்தநாரி முதலாளி
கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு
மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி.
எல்லாம் கைக்குழந்தைச் சட்டை,
நெஞ்சில் ஒட்டகச்சிவிங்கி.
தராசில் ஏற்றினால் பெட்டி பதினோரு கிலோ.
விமானக்காரர் கணக்கில் பதினாறு:
நீளம் அறுபது, அகலம் நாற்பது, உயரம் நாற்பது,
பெருக்கி ஆறாயிரத்தால் வகுக்க வேண்டும்.
அடைக்கிற இடத்துக்குத்தான் அங்கே எடை.

"ஏனுங் சார், மிச்ச அஞ்சு கிலோ என்னதுங்க?"
பேக்கிங் சம்பூர்ணம் கேட்டார்.
காற்று என்றேன்.
"காத்துக்குமா காசு வாங்குவானுக?"
சித்த நேரம் பெட்டியையே பார்த்தார்.
"அப்பொ அதெப் புடுங்கி உட்றலாமுங்க."

ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பித்தோம்.
விளிம்பைக் கத்தியால் பத்து சென்டிமீட்டர் இறக்கி
அட்டையை மடித்து
ஒருவர் மேலே ஏறி மண்டிபோட
இன்னொருவர் டேப்பை இழுத்து ஒட்டினார்.
அளவு பிடித்தது நான்.
முப்பது.
முப்பது.
முப்பத்தொன்றரை. "ஏறுங்க, இன்னொருக்கா அமுக்குங்க."
முப்பது.
ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்
என் கையில் இருந்த இஞ்சு டேப்பில்
பத்துக் கோடாக வந்து நின்றது.
பெட்டிக்கு நாலு கிலோ காற்றைப் பிடுங்கினோம்.
இரண்டு லட்சம் மிச்சம்.
சம்பூர்ணத்தின் ஐம்பத்தோரு கிலோவுக்கு
எந்தப் பில்லிலும் கட்டம் இல்லை.

அவிநாசி தாண்டிக் கருமத்தம்பட்டியில் டயர் போனது.
நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு
நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டது லாரி.
பிறகு ஷார்ஜா, ஒரு பகல் முழுக்க ஷெட்டில்.
பிறகு ஃப்ராங்க்ஃபர்ட்.
அங்கிருந்து ஹம்பர்க்குக்கு மறுபடியும் லாரி;
அந்த லாரிக்கும் ஒரு விமான நம்பர் போட்டிருந்தது,
ரசீதில் பார்த்தேன்.
நம் லாரிக்கு அது வாய்க்கவில்லை.

ஒன்பது மணி நேரப் பயணம்
ஐந்தாம் நாள் முடிந்தது.
ஆறாம் நாள் மெயில்:
சரக்கு சரி, நிறம் சரி,
சில பெட்டிகளில் மேல்மூடி குழிந்திருக்கிறது,
காரணம் தெரிவிக்கவும்.
கூடவே போட்டோ.
வெளிச்சமான ஒரு கிடங்கு, பழுப்பு அட்டை,
அதில் பக்கத்துப் பக்கத்தில்
உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பள்ளம்.

வழியில் நேர்ந்தது என்று பதில் அடித்தேன்.
அனுப்பும் முன்னால்
சம்பூர்ணத்தைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.
ஏர்போர்ட்டை
பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி அவர்.
கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு குனிந்தார்.
"எடது பக்கம் ஆழமா உளுந்திருக்குது பாருங்க.
அந்தக் காலுதான் இன்னும் மடக்க முடியில."

அடுத்த சரக்கு கப்பல்தானே என்று
கேட்டு உறுதி செய்துகொண்டு
டேப் கட்டரைத் தேடிப் போனார்.