எச்.டி.ஆர் போட்டு எடுத்தது

தலவாக்கலையில் தவணைக்கு எடுத்த போன்.
பதினெட்டு மாதம் கட்ட வேண்டும்.
கடைப் பையன் சொன்னான்:
அக்கா, இதில வெயிலும் நிழலும்
ஒரே படத்தில விழும்.

நம்பவில்லை.
பழைய போனுக்கு எங்கள் காம்பராவில்
ஒற்றைக் கண்.
வாசலைப் பார்த்தால் மலை வரும்,
உள்ளே இருப்பவர்கள் கரிக்கட்டை.
எங்களைப் பார்த்தால் நாங்கள் வருவோம், மங்கலாக,
வாசல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.
மலையையும் எங்களையும் சேர்த்து
அது ஒருநாளும் எடுத்ததில்லை.

வெடிப்பைத்தான் முதலில் எடுத்தேன்.
போன மழைக்கு
வாசல் நிலையோரம் பிளந்து
இஸ்தோப்பு வரைக்கும் இறங்கியது.
வீட்டுத் திட்டத்துக்கு மூன்று தரம் மனு.
மூன்று தரமும்
படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள்.

அளவு தெரிய மகளை நிறுத்தினேன்.
அசையாம இரு டிலுக்சி.
போன் ஒரு கணம் யோசித்தது.
இருட்டுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று,
நடுவில் ஒன்று எடுத்து
மேலுக்கு மேல் வைத்துத் தைத்தது.

எட்டிப் பார்த்த விமலேஸ்வரி மச்சாள்
ஐயோ, இது நம்ம வீடா என்றாள்.
தகரத்துத் துரு மாதுளைத்தோல் நிறம்.
அடுப்புக்கரியில் இத்தனை நீலமா?
கொடியில் காயும் படங்குச் சாக்கில்
நூல் நூலாக எண்ணலாம்.
வெளியே தேயிலை நிரை,
அதற்கு மேல் மேகம்,
மேகத்தின் மடிப்புகூட.
வெடிப்பும் இருந்தது,
மலையிலிருந்து இறங்கும் ஓடை போல,
அழகாக.

அந்த அழகுதான் கெடுத்தது.
ஆபீசில் கிளாக்கர்
இரண்டு விரலால் மலையைப் பெரிதாக்கினார்.
ஷோக்கான இடம் என்றார்.
வெள்ளைக்காரன் காசு கொடுத்து வந்து
பார்த்துவிட்டுப் போகிறான்,
நீங்கள் சும்மா பார்க்கிறீர்கள்.
பைலை மூடவில்லை. திறக்கவும் இல்லை.

மறுநாள் பகல் அதை அணைத்துவிட்டு
இருட்டின்மேல் விரல் வைத்து எடுத்தேன்.
வாசல் வெந்து வெள்ளையானது.
மலை இல்லை, மேகம் இல்லை.
ஒரு கை நுழையும் கறுப்பு மட்டும்
சுவரில்.
இதைக் கொடுக்கலாம்.

முதல் படத்தை அழிக்கவில்லை.
அதில் டிலுக்சி அசைந்துவிட்டாள்.
அவளுக்கு இரண்டு முகம்,
ஒன்று அடுப்பை, ஒன்று மலையைப் பார்க்க,
நடுவில் கலங்கலாக ஒரு காது.
இதில எதுடி நீ என்று கேட்டேன்.
ரெண்டும் இல்லம்மா,
எனக்கு அப்ப தும்மல் வந்திச்சு என்கிறாள்.