பனிக்கு இரைச்சல் என்று பெயர்

கீழே சுரங்கம் அகல அகல
மேலே ஊரைப் பெயர்க்கிறார்கள் கிருனாவில்.
எங்கள் குடியிருப்புக்கு அக்டோபர் வரை தவணை.
புது வீட்டில் அலமாரி ஒன்று குறைவு.
நூற்று அறுபத்து மூன்று வட்டுகள்,
ஒவ்வொன்றின் உறையிலும் யோர்டிஸின் கையெழுத்து:
‘ஏரி, ஐஸ் உடைந்த நாள்’,
‘டூவா, முன்பல் இல்லாமல்’,
‘தெரியவில்லை, பார்க்கவும்’.

“சுருக்கிவிடு சிக்ஸ்டன்” என்றாள்.
“விரல் நீளக் குச்சிக்குள் எல்லாம் அடங்குமாம்.
யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள்?”

நியாயம்தான்.
மென்பொருள் ஓர் எண் கேட்டது.
எண் ஏற ஏறக் கோப்பு இளைக்கும்.
இருபத்தெட்டு என்று கொடுத்துவிட்டு
இரவுப் பணிக்குப் போனேன்.

காலையில்
நாலு ஜிபி நானூறு எம்பியாக மெலிந்து கிடந்தது.
இரண்டாயிரத்து நாலு, பிப்ரவரி.
உதைசறுக்கு வண்டியில் டூவா.
வானம் இஸ்திரி போட்ட துணி.
கன்னம் மெழுகு.
என்னவோ குறைகிறதே என்று
மூல வட்டைப் போட்டுப் பக்கத்தில் ஓடவிட்டேன்.

அன்று பனி பெய்துகொண்டிருந்திருக்கிறது.

பொடிப்பனி.
படத்துக்குப் படம் இடம் மாறுகிற,
ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத,
கணக்குக்குள் நிற்காத பனி.
மென்பொருள் அதற்கு இரைச்சல் என்று பெயர் வைத்துப்
பதரைத் தூற்றுவதுபோல் தூற்றிவிட்டிருந்தது.
டூவா கத்தியபோது வாயிலிருந்து எழுந்த ஆவியும்
கூடவே போயிருந்தது.
வாய் மட்டும் திறந்து மூடுகிறது,
ஏதோ கோடைக்காலத்துப் பிள்ளை மாதிரி.

அழித்தேன்.
மறுபடி முதலிலிருந்து.
இம்முறை சுருக்கம் இல்லை, மெருகு இல்லை.
அசையும்போது சீப்புப் பல்லாய்ப் பிரியும் விளிம்புகளைக்கூட
வாரிவிடவில்லை.
பிட்டுக்குப் பிட்டு, உள்ளது உள்ளபடி.
தேவாலயத்தைப் பலகை கழற்றாமல்
அப்படியே சக்கரத்தின் மேல் ஏற்றிப்போனார்களே,
அதுபோல என்று சொல்ல வந்தேன்.
யோர்டிஸ் காப்பி போட எழுந்து போய்விட்டாள்.

நாற்பத்தோராம் வட்டில் கீறல்.
வெதுவெதுப்பான நீர், பாத்திர சோப்பு ஒரு சொட்டு,
நடுவிலிருந்து விளிம்புக்கு; சுற்றித் துடைக்கக் கூடாது.
டிரைவ் வேகத்தைக் குறைத்துக்கொண்டு
ராத்திரி முழுக்க எழுத்துக் கூட்டி வாசித்தது.
இரண்டு வினாடி மட்டும் வரவில்லை.
பக்கத்துப் படங்களை வைத்து நிரப்பட்டுமா என்றது.
வேண்டாம்.

மால்மோவிலிருந்து டூவா:
“அந்த இரண்டு வினாடியில் என்னப்பா இருந்தது?”
தெரியாது.
“நிரப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே.”
அதனால்தான் என்றேன்.
சிரித்தாள். அங்கே மழையாம்.

நேற்று கடைசி வட்டு.
ஒன்றேகாலுக்கு வழக்கம்போல் கீழே வெடி வைத்தார்கள்.
மேசை நடுங்கியது, கரண்டிகள் பேசின,
யோர்டிஸ் தூக்கத்தில் புரண்டாள்.
என்னால் ஏதோ ஆகும் என்பதுபோல்
டிரைவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்.
சரிபார்ப்பு எண்கள் இரண்டும்
கடைசி இலக்கம் வரை ஒன்று.

ஒரு பிரதி பூடனில் அவள் தங்கை வீட்டுக்கு.
ஒன்று எங்களோடு.
இனி வட்டுகளை எறிந்துவிடலாம் என்கிறாள்.
ம் என்றேன்.
‘தெரியவில்லை, பார்க்கவும்’ மட்டும்
சட்டைப் பையில் இருக்கிறது.
பார்த்துவிட்டேன்.
மூடி கழற்ற மறந்த கேமராவின் இருட்டு,
பதினெட்டு நிமிடம்.
உருளைக்கிழங்கு வெந்ததா இல்லையா என்று
இருட்டுக்குள் நாங்கள் இருவரும் சண்டை.
கருப்பில் மினுமினுவென்று இரைச்சல்.
அதற்கும் முழு இடம் கொடுத்திருக்கிறேன்.