ஒளி படாத ஓரம்

கிருனாவில் டிசம்பர். நண்பகலுக்கும்
மேசை விளக்கு வேண்டும்.
ஒளிப்பலகைமேல் ஆறு கட்டப் படச்சுருள்.
அதற்கு மேலே கேமரா, தலைகுனிந்து.
தூசியை ஊதிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரு சொடுக்கு.

திரை முழுக்க ஆரஞ்சு.
கறுத்த பனியில் அழுக்கு நீல வீடு,
கரிப்பல் தெரியச் சிரிக்கும் குழந்தை.

"மஞ்சள் வீடு" என்றாள் குன்வோர்.
"மஞ்சளா? காவி!"
போனில் அவள் அண்ணன் சிக்வார்ட்.
போய்ப் பார்த்துவர வழியில்லை.
சுரங்கம் அடியில் நெருங்கி வர
தெருவோடு இடித்துவிட்டார்கள்.

பனியைத் தொட்டு, இது வெள்ளை என்றேன் கணினியிடம்.
வீடு எலுமிச்சையானது.
குன்வோர் கைதட்டினாள்.

ஆனால் இந்த ஊர் டிசம்பர்ப் பனி
என்றைக்கு வெள்ளையாய் இருந்தது?
ஜன்னலைப் பார்த்தேன்.
அழித்தேன்.

துளைகளுக்கும் படத்துக்கும் நடுவே
ஒளி ஒருநாளும் படாத
அந்த ஓரக்கீற்றைத் தொட்டேன்.
பனி நீலம் பாரித்தது. வீடு
இருவரும் சொல்லாத ஒரு நிறத்தில்
வந்து நின்றது.

வெகுநேரம் பேசாதிருந்தாள்.
"மாடி ஜன்னல் திரை... அது சரி" என்றாள் பிறகு.

"என்ன நிறம்? சொல்லேன்,
என்ன நிறம்?"
மேசையில் கவிழ்ந்து கிடந்த போனுக்குள்
சிக்வார்ட்.